கண்ணாயி கழுவிய கல்

கண்ணாயிக்குச் சுத்தம் என்றால் உயிர். காப்பிப் பழம் பறித்துவிட்டு எஸ்டேட்டிலிருந்து திரும்புகிற மற்றப் பெண்கள் அப்பாடா என்று காலை நீட்டுகிற நேரத்தில் அவள் துடைப்பத்தைத் தேடுவாள். பித்தளைக் குடத்தை அவள் புளி போட்டுத் தேய்த்தால் அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். நல்ல குணம்தான், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த நல்ல குணம்தான் அந்த வருஷத்துத் தைப் பொங்கலுக்கு அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அவள் புருஷன் சின்னையன் மரம் ஏறுகிறவன். ஏற்காட்டு மலையில் அவர்கள் ஊரான செம்மநத்தத்தைச் சுற்றி உள்ள எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கவும் கிளை கழிக்கவும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஏணி போதாத உயரத்துக்கும் போய்விடுவான். போன வருஷம் பனி ஈரத்தில் கால் வழுக்கி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு உடைந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். உயிர் மிஞ்சியது, ஒரு கால் மிஞ்சவில்லை. இருக்கிறது, ஆனால் ஊன்ற முடியாது; கைத்தடியைப் பிடித்து எழுந்து நிற்கலாம், அவ்வளவுதான். மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற மலையில் ஏறி இறங்க முடியாத மனுஷனுக்கு என்ன வேலை இருக்கிறது? சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். கண்ணாயி தட்டை வைத்தால் ரெண்டு வாய் தின்பான், நகர்த்திவிடுவான். எதைக் கேட்டாலும் 'ம்' என்பான். முன்பெல்லாம் அவன் அதட்டினால் பக்கத்து வீட்டுக் கோழி ஓடும். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வீட்டுக்கு மேற்கே, பாதை முடிகிற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதற்கு அப்பால் பள்ளம். ஒரு நாள் கண்ணாயி வேலையிலிருந்து வந்தபோது அவன் அந்தப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து அதுவரை போயிருக்கிறான். அவள் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வீடு வரை இழுத்துக்கொண்டே வந்தாள். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. ஆனால் அன்று முதல் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவள் வயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டுதான் போனாள்.

இந்த நிலைமையில்தான் மீன் வந்தது.

ஏற்காட்டுக் கான்வென்ட் ஒன்றில் களை எடுக்கப் போயிருந்தபோது அங்கே சமையலுக்கு இருக்கும் மரியபுஷ்பம் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வேடிக்கையைக் காட்டினாள். யாரோ வெளிநாட்டுச் சாமியார் வந்து தங்கியிருந்தபோது செய்து வைத்துவிட்டுப் போனதாம். கீழே ஒரு தொட்டி நிறைய மீன். மேலே ஒரு பெட்டி நிறைய ஜல்லிக்கல், அந்தக் கல்லில் மண்ணே இல்லாமல் புதினாவும் கீரையும் மதமதவென்று வளர்ந்து நின்றன. மீன் தொட்டித் தண்ணீரை மேலே ஊற்றுகிறார்கள். மீனின் கழிவுதான் கீரைக்கு உரம். கல்லுக்குள் இறங்கி அடியில் இருக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சுத்தமாகி மறுபடி மீனுக்கே வந்து விழுகிறது.

"மோட்டார் கெட்டுப்போச்சு கண்ணாயி, இப்பச் சொம்புலதான் மொண்டு ஊத்தறோம். பொழுதுக்கும் ஒரு ஆளு உக்காந்து ஊத்தோணும், அதொண்ணுதான் ரோதன" என்றாள் மரியபுஷ்பம்.

உட்கார்ந்து ஊற்ற வேண்டும். கண்ணாயிக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. நடக்க வேண்டாம், ஏற வேண்டாம். உட்கார்ந்து ஊற்றினால் போதும்.

வீட்டில் சொன்னபோது சின்னையன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மண்ணில்லாமக் கீரையாமா" என்றான். 'ம்' என்பதைவிட அது பெரிய பேச்சு. அவள் விடவில்லை. மாடு இருந்த காலத்துத் தண்ணீர்த் தொட்டி பின்னால் சும்மா கிடந்தது. ஹோட்டலில் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி நீளவாக்கில் அறுத்து, தொட்டிக்கு மேலே கல்லடுக்கி ஏற்றினாள். ரோடு போட்டு மிஞ்சிய ஜல்லியைக் கூடையில் சுமந்து வந்து நிரப்பினாள். கான்வென்ட்டுக்கு மேட்டூரிலிருந்து கெண்டைக் குஞ்சு வந்தபோது மரியபுஷ்பம் ஒரு பையைக் கொடுத்தனுப்பினாள்.

முதல் பை ஒரே நாளில் செத்தது. பையை அவிழ்த்து அப்படியே மலைத் தண்ணீரில் கொட்டிவிட்டார்கள். கீழ்நாட்டு வெதுவெதுப்பில் பிறந்த குஞ்சுகள் விறைத்துப்போயின. அன்றைக்குச் சின்னையன் தொட்டியருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அடுத்த பை வந்தபோது, "இரு புள்ள, பையோட மெதக்க உடு. குளிரு பழகட்டும்" என்றான். அவனாகவே யோசித்துச் சொன்னது அது. கண்ணாயி சமையல்கட்டுக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவன் சுவரைப் பார்க்கவில்லை. காலையில் எழுந்ததும் உட்கார்ந்தபடியே பின்கட்டுக்கு நகர்ந்து போவான். அலுமினியச் சொம்பில் மொண்டு ஊற்றுவான், கொஞ்சம் ஓய்வான், மறுபடி ஊற்றுவான். ஆரம்பத்தில் புண்ணாக்கை அள்ளிப் போட்டதில் தண்ணீர் நாறியது. மீன் தின்கிற அளவுக்குத்தான் போட வேண்டும் என்று தெரிந்துகொண்டான். புதினா முதலில் வெளுத்துப்போய் நின்றது. அவன் பொறுத்தான். கார்த்திகை வாக்கில் தண்ணீர் தெளிந்தது, புதினா கருகருவென்று ஏறியது. ஒரு நாள் சாப்பிடும்போது, "கல்லு இப்பத்தான் பழுக்குது புள்ள. தொட்டா வழவழங்குது பாரு, அது வந்தப்புறந்தான் தண்ணி தெளிஞ்சுது" என்றான். பகலெல்லாம் பழம் பறித்த அசதி அவளுக்கு. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். பேசுகிறானே, அது போதும் அவளுக்கு. என்ன பேசுகிறான் என்று கேட்கவா தோன்றும்?

மார்கழி முடிய வந்தது. மஞ்சக்குட்டையில் வாக்கப்பட்டிருந்த மகள் மல்லிகா, மாப்பிள்ளையோடு மாட்டுப் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணம் ஆகி முதல் பொங்கல். கண்ணாயி சும்மா இருப்பாளா? போகி அன்று வீட்டையே புரட்டிப் போட்டாள். பானை சட்டி எல்லாம் வெளியே வந்தன. சுண்ணாம்பு கரைத்து உள்ளும் வெளியும் அடித்தாள். கூரை இறப்பில் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டினாள். மதியத்துக்கு மேல் சின்னையன் அசந்து தூங்கினான். அவள் பின்கட்டுக்கு வந்து பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த டிரம் மட்டும் கண்ணை உறுத்தியது. புதினாவை விலக்கிப் பார்த்தால் கல்லெல்லாம் பழுப்பாக, வழவழவென்று, மூக்குச்சளி பிடித்த மாதிரி. மாப்பிள்ளை வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? பாவம் மனுஷன், உட்கார்ந்த இடத்திலிருந்து இவ்வளவு கல்லையும் எப்படிக் கழுவுவான், நாமே செய்துவிடலாம் என்று நினைத்தாள்.

செடியைப் பதமாகப் பிடுங்கி வாளியில் வைத்தாள். கல்லை எல்லாம் வாரி, மிச்சமிருந்த சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, தேங்காய் நார் கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஒரு முறை அலசினாள். டிரம்மையும் சுண்ணாம்பு வைத்துத் துலக்கினாள். திரும்ப நிரப்பிச் செடியை நட்டபோது கல் ஒவ்வொன்றும் அரிசி மாதிரி வெளுத்திருந்தது. எழுந்து வந்த சின்னையன் பொழுது சாய்ந்த மங்கலில் வழக்கம்போல நாலு சொம்பு மொண்டு ஊற்றிவிட்டு உள்ளே போனான். அவனுக்கும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. காலையில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்துவிட்டாள்.

பொங்கல் அன்று விடியலில் கோலப்பொடியை எடுக்கப் பின்கட்டுக்குப் போனவள் அப்படியே நின்றாள். தொட்டியில் மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன. சிலது பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மட்டும் துடிக்க மிதந்தன. கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் சோப்புப் போட்டது மாதிரி வழுக்கியது. கை நாறியது.

நேற்று வரைக்கும் ஒன்றும் இல்லை. நேற்று யார் என்ன செய்தார்கள்? நான்தான் செய்தேன். வேறு எவள் செய்தாள்?

அவளுக்கு மீன் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பாறைதான் தெரிந்தது. இந்த மீனை விட்டால் அந்த மனுஷனைப் பிடித்து வைக்க வேறு கயிறு இல்லை. அந்த ஒரு கயிற்றையும் நம் கையாலேயே அறுத்துவிட்டோமே! உள்ளே ஓடினாள். அவன் விழித்துக்கொண்டு கம்பளியை விலக்கிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, பனி நொம்பக் கொட்டுதுங்க. இன்னுஞ் செத்த நேரம் படுங்க. இன்னைக்குத் தண்ணி நானே ஊத்தறனுங்க."

"பொங்கலும் அதுவுமா என்ன படுக்க?"

"படுங்கன்னாப் படுங்க. நான் ஏற்காட்டுக்குப் போயி மஞ்சக்கொத்து வாங்கிட்டு ஒரே ஓட்டமா வந்தர்றேன்."

மஞ்சள் கொத்து அடுப்படியிலேயே சாத்தி வைத்திருந்தது. அவன் அதைப் பார்த்தானா, தெரியாது. அவள் நின்று பார்க்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மரியபுஷ்பத்திடம் ஏதாவது வழி இருக்கும், அவன் தொட்டியைப் பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

பண்டிகை நாளில் பஸ்ஸை நம்ப முடியாது. ஓடினாள். ஏற்றத்தில் நடந்தாள், இறக்கத்தில் ஓடினாள். வழியெல்லாம் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் 'எங்கக்கா இந்நேரத்துல' என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை. மலைச்சாமி சேர்வராயா, என் தாலியை நானே அறுத்துக்கிட்டேனே, என் புத்தியைச் செருப்பால அடிக்கோணும் என்று வாய் தானாக முனகிக்கொண்டே வந்தது.

மரியபுஷ்பம் கான்வென்ட்டுச் சமையல்கட்டில் வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாயி மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைக் கேட்டதும் உலக்கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"சுண்ணாம்பா? அட ஏசுவே! கல்லையா கழுவுன?"

"வழவழன்னு அசிங்கமா இருந்துதுக்கா..."

"அந்த அசிங்கந்தாண்டி உசுரு! மீனு மூத்தரம் தண்ணில நஞ்சாட்டக் கெடக்கும். அந்த வழவழப்புதான் அதத் தின்னு செடிக்கு உரமாக்கிக் குடுக்குது. தயிரு உறை ஊத்தறமே, அதாட்ட. நீ குண்டானத் தேச்சுக் கழுவிக் கவுத்துப்போட்டு வெறும் பால வெச்சுட்டு, உறையலையேன்னா எப்படி உறையும்?"

"எனக்கு ஒருத்தருஞ் சொல்லலியேக்கா."

"அதுல போயிக் கை வெப்பேன்னு ஆரு கண்டா?" மரியபுஷ்பத்துக்குச் சட்டென்று தன் குரலே உறைத்திருக்க வேண்டும். கண்ணாயியின் முகத்தைப் பார்த்துத் தணிந்தாள். "மீனுதான போச்சு. அதுக்கு ஏன் இப்படி நடுங்கற?"

கண்ணாயி பாறையைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள். மரியபுஷ்பம் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தன் பெட்டியில் கையை விட்டு வழவழத்த கற்களை அள்ளி அள்ளி ஈரச்சாக்கில் போட்டாள்.

"இது காயாமக் கொண்டு போ. உன்ற வெள்ளக் கல்லையெல்லாம் எடுத்து வீசிப்போட்டு இதப் போடு. தொட்டில பாதித் தண்ணிய எறைச்சுட்டுப் புதுத்தண்ணி ஊத்து. ஒசக்க இருந்து ஊத்து, அப்பத்தான் காத்துச் சேரும். இன்னைக்குத் தீனி போடாத. பொழைக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் கண்ணாயி. போ, நிக்காத."

சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். கழுத்து இறங்கியது. கல்லின் ஈரம் முகத்தில் வழிந்து வாய்க்குள் போனது, மீன் கவிச்சி. நேற்றானால் குமட்டியிருப்பாள். இன்று அது காய்ந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது. ஓடைப்பாலத்தில் சாக்கை நனைத்துக்கொண்டாள். பனி விலகி வெயில் வந்துவிட்டது. இந்நேரம் அவன் எழுந்து பின்கட்டுக்குப் போயிருப்பான். பார்த்திருப்பான். ஒவ்வொரு வளைவிலும் அவளுக்கு அழுகை வந்தது, அழுதால் மூச்சு வாங்கும் என்று அடக்கினாள்.

வீட்டுக்குள் கம்பளி மட்டும் கிடந்தது. பின்கட்டில் அவன் இல்லை. டிரம் குப்புறக் கிடந்தது. புதினா வாடித் தரையில் கிடக்க, வெள்ளைக் கல்லெல்லாம் கொல்லை முழுக்கச் சிதறியிருந்தது. ஆத்திரத்தில் பிடித்து எறிந்தது போல. செத்த மீன்கள் ஓர் ஓரமாகக் குவிந்திருந்தன. தொட்டியில் தண்ணீர் பாதிகூட இல்லை. மிச்ச மீன்கள் அடியில் அசைந்தன. சுவரோரம் அவன் கைத்தடி சாய்த்து வைத்தது வைத்தபடி இருந்தது.

தடி இல்லாமல் எங்கே போனான்? அன்று பாறைக்கும் தடி இல்லாமல்தான் போனான்.

சாக்கு தலையிலிருந்து நழுவித் தொட்டித் திட்டில் விழுந்தது. அவள் மேற்கே ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. பாறையில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்பது நிம்மதியா? இல்லாமல் போனால்தானே பயம்? விளிம்பில் மண்டியிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். புதரும் பள்ளத்தில் இன்னும் விலகாத பனியும்தான்.

"ஏனுங்க!" என்று கத்தினாள். பள்ளம் அதையே திருப்பிக் கத்தியது. "ஏனுங்க, நான்தானுங்க பண்ணுனேன்! எங்கீங்க இருக்கீங்க? என்னைய வெட்டிப் போடுங்க, வாங்க!"

ஒன்றும் இல்லை. தரையில் கையால் அறைந்தாள். மறுபடி கத்தினாள், மறுபடி. தொண்டை கட்டி வெறும் காற்று வந்தபோது, பள்ளத்திலிருந்து இல்லாமல், வீட்டுக்குக் கிழக்கே ஊற்றுக்கு இறங்குகிற சரிவிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"ஏம்புள்ள, அங்க நின்னு என்ன ஒப்பாரி வெச்சுட்டு இருக்கற? இங்க வா!"

எழுந்தாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். ஊற்றுக்குப் போகிற பாதை செங்குத்து. ஆரோக்கியமான பெண்களே குடத்தோடு ஏறப் பயப்படுவார்கள். அந்தப் பாதையின் நடுவில் சின்னையன், மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பித்தளைக் குடம். பார்த்துக்கொண்டே இருந்தாள், நம்ப முடியவில்லை. குடத்தைத் தூக்கித் தனக்கு மேல் படியில் வைத்தான். ரெண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலை உந்தி, உடம்பை அந்தப் படிக்கு இழுத்தான். மறுபடி குடம். மறுபடி உடம்பு. உள்ளங்கை கிழிந்து ரத்தமும் சேறுமாக இருந்தது. வேட்டி பின்பக்கம் நைந்திருந்தது. குடத்தில் பாதித் தண்ணீர் சிந்திவிட்டிருந்தது.

விழுந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு தூரம் கீழே இறங்கியதில்லை.

"பாத்துட்டு நிக்கறா பாரு. குடத்தப் புடி! ரெண்டாவது நடை இது. மீனு செத்துட்டுக் கெடக்குது, இவ மஞ்சக்கொத்து வாங்கப் போறாளாமா. அடுப்படில இருக்கறது என்ன, கரும்பா?"

"ஏனுங்க... கல்ல நான்தான்..."

"தெரியுது தெரியுது! தண்ணிய வாயில ஊத்திப் பாத்தேன், வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுனாட்ட சுள்ளுங்குது. மூணு மாசமா நான் ஒவ்வொரு சொம்பா ஊத்திப் பழுக்க வெச்சா, மகராசி ஒரே மத்தியானத்துல வழிச்சு எடுத்துட்டா. உன்ற சுத்தத்துல இடி உழுக! மண்டைக்குள்ள என்னத்த வெச்சுட்டு இருக்கற நீ?"

முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். மேலே ஏதோ வீட்டுக் கோழி இறக்கையடித்துக்கொண்டு ஓடியது. கண்ணாயி பொத்தென்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சேறும் ரத்தமுமான அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"எந்திரி புள்ள. அழுவறதுக்கு இப்ப நேரமில்ல."

"மரியபுஷ்பமக்கா பழுத்த கல்லு குடுத்தனுப்புச்சுங்க. உறைக்கு."

"எங்க?" அவன் கண் பெரிதானது. "எங்க போட்டுட்டு வந்த? வெயில்லயா? காஞ்சா அதுவும் போச்சு! ஓடு, ஓடிப்போயி நெழல்ல இழு. ஈரத்துணி போடு."

"பொழைக்குமுங்களா?"

"பொழச்சாப் பொழைக்குது, செத்தாச் சாவுது. மேட்டூருல மீன்குஞ்சுக்குப் பஞ்சமா?" மூச்சு வாங்க நிறுத்தினான். பிறகு விரலை நீட்டினான். "ஆனா அடுத்த வாட்டி நீ மட்டும் அந்தக் கல்லு மேல கை வெச்சுப் பாரு, அப்பத் தெரியும் சேதி!"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் அவனுக்குப் பிடி கொடுத்து மேலே திரும்பினாள். அவன் படிக்குப் படி இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வந்துகொண்டே திட்டினான். அவளைத் திட்டினான், அவள் அம்மாவைத் திட்டினான், சுண்ணாம்பு விற்றவனைத் திட்டினான். ஓடு ஓடு என்று அவன் விரட்டியும், ஒரு வார்த்தை தப்பாமல் கேட்க வேண்டும் என்று கண்ணாயி மெதுவாகத்தான் ஏறினாள்.